மூக்குப்பேணியும் கடகமும்: ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரிச் சபை நடத்துவது எப்படி

முதல் வேலை, ‘போய்ஸ் ஸ்டேட்’ படத்தைப் பிள்ளைகளோடு கூட இருந்து பார்ப்பது. 2020 இல் வெளிவந்த அமெரிக்க ஆவணப்படம் அது. அமாண்டா மக்பெய்ன், ஜெஸ்ஸி மொஸ் என்ற தம்பதி இயக்கியது. சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படத்துக்கான நடுவர் பெரும் பரிசு பெற்றது. அப்பிள் டிவி பிளஸ் தளத்தில் வெளியானது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதினேழு வயதுப் பையன்கள் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கி, இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, ஆளுநர் பதவி வரைக்கும் தேர்தல் வைத்து, கற்பனை மாநிலமொன்றை நடத்துகிறார்கள். அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் 1935 முதல் நடத்திவரும் நிகழ்ச்சி இது. படத்தில் இருப்பது 2018 இல் நடந்தது.

படத்தைப் பார்ப்பவர்கள் அந்தப் பையன்களின் வாய்வன்மையை வியப்பார்கள், அல்லது அவர்களைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஓய்வுபெறும்வரை குடியியற் கல்வி படிப்பித்தவள் நான். என் கண் ஏற்பாட்டாளர்கள் மீதுதான் போனது. மேடை, ஒலிவாங்கி, வாக்குச்சீட்டு, கட்சி எல்லாம் கொடுத்தார்கள். ஆள்வதற்கென்று ஒன்றையும் கொடுக்கவில்லை. செலவழிக்க ஒரு சதமில்லை. திருத்துவதற்கு ஒரு மதகில்லை. அப்படியிருந்தால் பையன்கள் வேறு எதைப் பேசுவார்கள்? தொலைக்காட்சியில் பெரியவர்கள் பேசுவதைத்தான் பேசினார்கள்: துப்பாக்கி, கருக்கலைப்பு. அதற்கு முந்திய வருடம், 2017 இல், அதே டெக்சாஸ் நிகழ்ச்சியில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து போவதென்றே தீர்மானம் நிறைவேற்றினார்கள். அந்தச் செய்தியைக் கண்டுதான் இயக்குநர்களுக்குப் படமெடுக்கும் எண்ணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறவர் சிரிப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே எங்கள் சனசமூக நிலையத்தில் நாங்கள் நடத்தும் மாதிரிச் சபைக்கு நான் வைத்த முதல் நிபந்தனை, சபையின் கையில் உண்மையான காசு இருக்கவேண்டும் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காசு

பெரிய தொகை தேவையில்லை. 25,000 ரூபாய் போதும். அதற்கும் குறைவாக இருந்தாலும் நடத்தலாம். கேட்டால் பழைய மாணவர் சங்கம் தரும், கோயில் தரும், கனடாவில் இருக்கும் யாரோ ஒருவரின் மருமகன் தருவார். தருகிறவரிடம் இரண்டு விடயங்களை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். ஒன்று, ‘உபயம்’ என்று பெயர் எழுதிய பலகை எங்கும் வராது. மற்றது, பிள்ளைகள் எதற்குச் செலவழிக்கத் தீர்மானிக்கிறார்களோ அதற்குத்தான் காசு போகும். சட்டத்துக்கு மாறானதும் ஆபத்தானதும் மட்டுமே விலக்கு. “இதைவிட நூலகத்துக்குப் புத்தகம் வாங்கியிருக்கலாமே” என்று கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து சொன்னால், அன்றோடு சபை முடிந்தது. அடுத்த முறை ஒரு பிள்ளையும் வராது. அந்தப் பெரியவரை இப்போதே அடையாளம் கண்டு, தேநீர் ஒழுங்கு செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சபை

பாராளுமன்றம் வேண்டாம். பல பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் என்று ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அமைச்சர்கள் இருக்கிறார்கள், அமைச்சுகளும் இருக்கின்றன. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆட்கள் வரும் நாளில் கூட்டக்குறிப்பேடும் இருக்கும். பாராளுமன்றம் என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகளின் குரலே மாறிவிடுகிறது. அங்கே 225 பேர் எதைப் பேசுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை அப்படியே ஒப்புவிப்பார்கள்.

பிரதேச சபையை எடுங்கள். தெருவிளக்கு, வடிகால், சந்தை, உள்ளூர் ஒழுங்கை, நூலகம், குப்பை என்று பிள்ளைகள் தினமும் சைக்கிளில் கடந்து போகும் விடயங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தலைவருக்குத் தவிசாளர் என்று பெயர். தொகுதிக்கு வட்டாரம் என்று பெயர். உங்கள் ஊரை நாலைந்து வட்டாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கோயில், ஒரு சந்தி, ஒரு குளம் என்று எல்லை வைத்தால் எவருக்கும் வரைபடம் தேவைப்படாது.

முப்பது பிள்ளைகள் அளவான எண்ணிக்கை. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரை எடுக்கலாம். சாதாரண தரம், உயர்தரம் எழுதப்போகிறவர்களின் தாய்மார் முதலில் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். போயா என்ற பூரணை விடுமுறையை ஒட்டி வரும் சனி, ஞாயிறைப் பிடியுங்கள். ரியூசன் நேரசூசியைப் பார்க்காமல் நாள் குறித்தால் வெறும் கதிரைகளுக்குத்தான் பேசவேண்டியிருக்கும். நல்லூரில் கொடியேறினால் அந்த 25 நாளும் ஒன்றும் வைக்காதீர்கள்.

கட்சி பிரித்தல்

படத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பையன்கள் கட்சியைத் தெரிவு செய்வதில்லை. வந்திறங்கும்போதே ஃபெடரலிஸ்ட், நஷனலிஸ்ட் என்று பிரித்துவிடுகிறார்கள். கட்சிக்கென்று கொள்கை எதுவும் முன்பே இல்லை. அவர்களே உட்கார்ந்து எழுதவேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இல்லாவிட்டால் ஒரே பாடசாலைப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரே ஒழுங்கைப் பிள்ளைகள் மறுபக்கம் என்று தானாகவே பிரிந்துவிடும். ஒழுங்கை என்று நான் சொல்வதன் பொருள் ஊரறிந்ததுதான், விரிக்கத் தேவையில்லை. அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டத்தான் சீட்டு.

கட்சிகளுக்கு நிறம் கொடுக்காதீர்கள். எல்லா நிறத்துக்கும் ஏற்கனவே ஓர் உரிமையாளர் இருக்கிறார். சின்னம் கொடுங்கள். வீடு, சைக்கிள், வீணை, திசைகாட்டி எல்லாவற்றையும் உண்மையான கட்சிகள் எடுத்துவிட்டன. நாங்கள் மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரமான மூக்குப்பேணியையும் பனையோலைப் பெட்டியான கடகத்தையும் எடுத்தோம். மூக்குப்பேணியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி அம்மம்மாவின் பேணியை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அன்றிலிருந்து அது பேணிக்கட்சி, மற்றது கடகக்கட்சி.

வேட்புமனு

பேச்சுப்போட்டியில் பரிசெடுத்த பிள்ளைதான் தவிசாளராக வரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அதைக் கொஞ்சம் கடினமாக்குவது உங்கள் வேலை. படத்தில் ஸ்டீவன் என்றொரு பையன் வருகிறான். மெக்சிக்கோவிலிருந்து வந்த தாயின் மகன், அடக்கமாகப் பேசுகிறவன். ஆளுநர் போட்டியில் நிற்பதற்குத் தேவையான கையெழுத்துகளைச் சேர்க்க ஆள் ஆளாகப் போய், ‘உனக்கு எது முக்கியம்’ என்று கேட்டுக்கொண்டு திரிகிறான். மேடையில் பிறகு அவன் பேசும் பேச்சுக்கு வலு அங்கிருந்துதான் வருகிறது. பிள்ளைகள் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது படத்தை நிறுத்தி, எங்கள் விதியை அங்கேயே அறிவித்துவிடுங்கள்: தவிசாளர் பதவிக்குப் போட்டியிட எட்டுக் கையெழுத்து வேண்டும், அதில் குறைந்தது மூன்று மற்றக் கட்சியிலிருந்து வரவேண்டும், சொந்த வட்டாரத்திலிருந்து இரண்டுக்கு மேல் கூடாது. கையெழுத்துக்குப் பக்கத்தில், கையெழுத்திட்டவர் கேட்ட ஒரு விடயத்தை வேட்பாளர் தன் கையால் எழுதவேண்டும். “ரீச்சர், கேட்கத்தானே வேண்டும், செய்யவும் வேண்டுமா?” என்று ஒரு தம்பி கேட்டான். கேட்டால் போதும் என்றேன். எழுதியதைப் பிறகு நான் சபைச் சுவரில் ஒட்டுவேன் என்பதை அப்போது சொல்லவில்லை.

பிரசாரம்

ஒரு நாள் போதும். சுவரொட்டி கையால் எழுதியதாக இருக்கவேண்டும். அச்சடிக்க அனுமதித்தால் யாருடைய மாமா அச்சகம் வைத்திருக்கிறாரோ அவர் வெல்வார். வாக்களிப்புக்கு முன் எங்கள் நாட்டுச் சட்டம் 48 மணித்தியால அமைதிக் காலம் வைத்திருக்கிறது. நீங்கள் அதைச் சுருக்கி, வாக்களிப்புக்கு முந்திய இரவு வட்ஸ்அப் குழுக்களைப் பூட்டிவிடுங்கள். கள்ளத்தனமாக வேறொரு குழு திறக்கப்படும். அதைத் தேடிப் போகாதீர்கள். மறுநாள் சபையில் எவராவது ஒருவர் தானாகவே போட்டுக்கொடுப்பார்.

படத்தில் இன்னோர் இடத்தில் கட்டாயம் நிறுத்தவேண்டும். ரொபட் என்ற பையன், உயரமானவன், எல்லோருக்கும் பிடித்தவன், மேடையில் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசுகிறான். பிறகு கமராவின் முன் இருந்து, தன்னுடைய உண்மையான கருத்து அதுவல்ல, இந்தக் கூட்டத்தில் வெல்வதற்கு அப்படித்தான் பேசவேண்டும் என்று ஒத்துக்கொள்கிறான். அங்கே நிறுத்தி, “நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் அப்படிப் பேசுவீர்களா?” என்று கேட்டு, கைகளை உயர்த்தச் சொல்லுங்கள். நிறையக் கைகள் உயரும். அப்போது உபதேசம் செய்ய வாய் துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கை உயர்த்தாத ஒருவரிடம் ஏன் என்று மட்டும் கேளுங்கள். எங்களிடம் ஒருத்தி சொன்ன பதில்: “வென்ற பிறகும் அதே பொய்யைத் தொடர்ந்து சொல்லவேண்டுமே.” அதற்குமேல் பாடம் எடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை, படத்தைத் தொடர்ந்து ஓடவிட்டேன்.

பென் என்ற பையனின் தந்திரங்களைப் பற்றியும் பிள்ளைகள் வெகுநேரம் பேசுவார்கள். எதிர்க்கட்சி வேட்பாளரின் பழைய செயலைத் தோண்டியெடுத்துத் தாக்கும் உத்தி அவனுடையது. பேச விடுங்கள். ஆனால் உங்கள் சபைக்கு ஒரு விதி வையுங்கள்: ஒருவர் சபைக்குள் சொன்னதையும் செய்ததையும் தாக்கலாம், வீட்டையும் குடும்பத்தையும் தொடக்கூடாது. சின்ன ஊர். தகப்பன் யார், எங்கே வேலை, யாருக்குக் கடன் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

வாக்களிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வட்டார உறுப்பினருக்குப் புள்ளடி, அதாவது X அடையாளம். தவிசாளருக்கு எங்கள் ஜனாதிபதித் தேர்தல் போல 1, 2, 3 என்று விருப்பு வரிசை. உண்மையான பிரதேச சபையில் தவிசாளர் தெரிவு இப்படி நடப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் எண்ணிப் பழகவேண்டிய முறை இது. முதல் விருப்பில் ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதலிரண்டு இடத்தில் இருப்பவர்களை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மட்டும் எடுத்து, அவற்றில் அடுத்த விருப்பு இந்த இருவரில் யாருக்கு என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில்தான் இலங்கை முதல் தடவையாக இந்த இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனது. அன்று தொலைக்காட்சிக்கு முன் இருந்து விளங்காமல் விழித்த பெற்றோருக்கு, முப்பது சீட்டை மேசையில் பரப்பிப் பிள்ளைகளே விளக்குவார்கள். எண்ணும்போது பெற்றோரை உள்ளே விடுவதற்குக் காரணம் இதுதான். வேறெந்த நேரத்திலும் விடாதீர்கள்.

சபை

பேச மூன்று நிமிடம். மணியடிக்க ஒரு பிள்ளை. கைப்பேசி வேண்டாம், கோயில் கைமணி எடுபடும். ஒவ்வொரு பிரேரணைக்கும் ஒருவர் முன்மொழியவேண்டும், ஒருவர் வழிமொழியவேண்டும், செலவு எவ்வளவென்று எழுதியிருக்கவேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் தவிசாளர் அதை எடுக்கக்கூடாது.

எங்கள் சபையில் கடகக்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, “எமது மக்களின் நீண்டகால அபிலாசைகள்” என்று தொடங்கினார். நல்ல குரல், கையசைவும் அச்சொட்டு. எந்தத் தலைவருடையது என்று எல்லோருக்கும் தெரிந்ததால் சிரிப்பு எழுந்தது. தவிசாளராக இருந்த பதினாறு வயதுப் பிள்ளை சிரிக்கவில்லை. “கௌரவ உறுப்பினர் அவர்களே, இந்த அபிலாசைக்கு எத்தனை ரூபாய் வரும்?” என்று கேட்டாள். அவன் ஒரு நிமிடம் நின்றான். பிறகு தாளைப் புரட்டி, “கரப்பந்து வலை ஒன்று, கம்பம் இரண்டு” என்றான். விவாதம் அங்கேதான் தொடங்கியது. நான் படிப்பித்த அத்தனை வருடத்திலும் இப்படியொரு கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை.

அமெரிக்காவில் பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என்று வேறுவேறாக நடத்துகிறார்கள். அதே இயக்குநர்கள் 2024 இல் வெளியிட்ட ‘கேர்ள்ஸ் ஸ்டேட்’ மிசூரி மாநிலத்தில் எடுக்கப்பட்டது. அங்கே அந்த முறை இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வளாகத்தில் நடந்ததால், பையன்களுக்கு இல்லாத உடைக் கட்டுப்பாடும் துணையில்லாமல் நடமாடத் தடையும் தங்களுக்கு மட்டும் இருப்பதைப் பெண்பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள். காசு விடயத்திலும் வேறுபாடு இருக்கிறதென்று ஒருத்தி தேடி எழுதுகிறாள். நாங்கள் ஒன்றாகத்தான் நடத்துகிறோம். எங்கள் உள்ளூராட்சிச் சட்டம் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்குகிறது. 2018 தேர்தலில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் பாதி வையுங்கள். அதைவிட முக்கியம், கூட்டக்குறிப்பு எழுதும் வேலையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது. விட்டால் அழகான கையெழுத்துள்ள பெண்பிள்ளையிடம் கொப்பி போய்விடும், குறிப்பெழுதுகிறவர் பேசமாட்டார்.

கரப்பந்து வலைக்கு எதிராக வந்தது ஒரு விளக்கு. மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒழுங்கை முடக்கு ஒன்று இருட்டாகக் கிடக்கிறது. பேணி, கடகம் என்று பாராமல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்து அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தார்கள். பையன் ஒருவன், “அந்த வழியால் வராமல் பிரதான வீதியால் வரலாமே” என்றான். எவ்வளவு தூரம் கூட என்று அவர்கள் சொல்லவில்லை. அடுத்த அமர்வுக்கு முன் அந்த இருட்டுக்குள் அவனையே நடத்திக் கூட்டிக்கொண்டு போய் வந்தார்கள். அவன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் இருந்த இருவர் மாற்றிக்கொண்டார்கள். விளக்கு வென்றது.

பகிஷ்கரிப்பு

யாழ்ப்பாணத்தில் நடத்தினால் இது வந்தே தீரும், ஆயத்தமாக இருங்கள். சீட்டுக் குலுக்கல் சரியில்லை, தவிசாளர் பக்கச்சார்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக ஐந்தாறு பேர் எழுந்து, “நாங்கள் பகிஷ்கரிக்கிறோம்” என்று வெளியே போவார்கள். பின்னால் ஓடிக் கெஞ்சாதீர்கள், கோபிக்காதீர்கள். அவர்களுக்கு ஊர்ப் பரம்பரை உண்டு. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கம், ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்று நடத்தியது, 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. முழுச் சுயராச்சியம் தராத, பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியல் யாப்பு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வளர்ந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல் அதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனு கொடுக்கவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. சரியா பிழையா என்று இன்றும் வாதாடலாம்.

அந்தக் கதையை வெளியே நிற்கிறவர்களுக்கும் உள்ளே இருக்கிறவர்களுக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். பிறகு விதி: பகிஷ்கரிக்கலாம், ஆனால் காரணத்தை எழுதி, சபையில் மூன்று நிமிடம் வாசித்துவிட்டுப் போகவேண்டும். அவர்கள் இல்லாத நேரத்தில் நிறைவேறிய தீர்மானம் செல்லும். எங்களிடம் வெளிநடந்தவர்கள் காரணத்தை எழுத உட்கார்ந்தபோது தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

கமரா

படம் பார்த்த பிள்ளைகள் தாங்களும் படமெடுக்க ஆசைப்படுவார்கள். எடுக்கட்டும். இயக்குநர்கள் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே பையன்களைச் சந்தித்துப் பேசி, யாரைப் பின்தொடர்வதென்று தெரிந்துகொண்டுதான் போனார்கள். நீங்களும் மூன்று நான்கு பேரைத் தெரிவு செய்து, தொடங்குமுன் தனியாக இருத்திப் பேசிப் பதிவு செய்யுங்கள். பேச்சாளன் ஒருவனும், பேசாத ஒருத்தியும் கட்டாயம். ஒரு கைப்பேசி படத்துக்கு; இன்னொன்றை மேசையில் வைத்து ஒலியை மட்டும் பதியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எடுத்ததை முகநூலில் ஏற்றாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை அரசியல் பேசும் ஒரு நிமிடத் துண்டு இங்கே ஏறினால், மாலைக்குள் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பாராட்டுவார், இலண்டனிலிருந்து ஒருவர் துரோகி என்பார், அயலில் ஒருவர் தகப்பனிடம் விசாரிப்பார். பிள்ளை பேசியது விளக்கைப் பற்றி. சனசமூக நிலையத்தில் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், அது போதும்.

சபைக்குப் பிறகு

தீர்மானம் நிறைவேறியதும் வேலை முடிந்ததென்று பிள்ளைகள் நினைப்பார்கள். எங்கள் விளக்கை மின்கம்பத்தில் கட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தைத் திருத்த எனக்குக் கை துறுதுறுத்தது, எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். பதிலுக்குக் காத்திருக்கும்போது பேணிக்கட்சி ஒரு மாற்று வழி கண்டது: முடக்கில் இருக்கும் வீட்டு மதிலில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, சூரியஒளி விளக்கொன்று. வீட்டுக்கார அம்மா ஒரு நிபந்தனை போட்டார். வெளிச்சம் அவருடைய படுக்கையறை யன்னலில் விழக்கூடாது. மறைப்புத் தகரம் வாங்கத் திருத்தப் பிரேரணை, மறுபடி கூட்டம், மறுபடி வாக்கு.

எல்லாப் பற்றுச்சீட்டுகளையும் அறிவித்தற் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஊரில் பொதுவேலை செய்த பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்காது, ஒட்டத்தான் வேண்டும். மீதிக் காசை என்ன செய்வதென்று தீர்மானிக்க இன்னும் ஒரு கூட்டம் கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பணிசும் பிளேன்ரீயும் அவர்கள் காசில்.